‘கம்ப்ளெயின்’ என்னும் ஆங்கில வினையும் அதன் தமிழ் நிகரன்களும்

0. முன்னுரை

உணவகத்தில் காப்பி ஆறியிருக்கிறது என்று பரிமாறுபவரிடம் சொல்பவர், முதுகு வலிக்கிறது என்று மருத்துவரிடம் சொல்பவர், ஏமாற்றப்பட்டேன் என்று குற்றவியல் நடுவர் முன் எழுதிக் கொடுப்பவர், மழை இன்னும் ஓயவில்லையே என்று யாரையும் நோக்காமல் சலித்துக்கொள்பவர் ஆகிய நால்வரும் ஆங்கில மொழியில் ஒரே செயலையே செய்கின்றனர். அச்செயலைக் குறிக்கும் வினை ‘கம்ப்ளெயின்’ என்பது. அதன் பெயர்ச்சொல் ‘கம்ப்ளெயின்ட்’. தமிழில் இந்நால்வர் செயலையும் ஒரே வினையால் சுட்ட இயலாது. ஆயினும் மொழிபெயர்ப்புகளில் ‘புகார் செய்’ என்னும் தொடரே இவ்வினை வரும் இடமெல்லாம் வந்து அமர்ந்துகொள்வதைக் காண்கிறோம்.

இதனை நடைக்குறை என்று மட்டும் கொள்வதற்கில்லை. ஆங்கில வினை, சொல்பவரின் வருத்தம் நியாயமானதா அன்றா என்பதைப் பற்றிப் பெரும்பாலும் எதுவும் கூறுவதில்லை. தமிழில் அதற்கு நிகராக வரும் சொற்கள் ஒவ்வொன்றும் அது பற்றி ஏதேனும் ஒன்றைக் கூறிவிடுகின்றன. ஆகவே சொல்லைத் தேர்ந்தெடுக்கும் மொழிபெயர்ப்பாளர் தாம் அறியாமலே ஒரு தீர்ப்பையும் வழங்கிவிடுகிறார். இக்கருத்தை விளக்குவதும், தேர்வுக்கு உதவக்கூடிய சில வினாக்களை முன்வைப்பதும் இக்கட்டுரையின் நோக்கங்களாகும்.

1. சொல் வரலாறு

‘கம்ப்ளெயின்’ என்பது பழம் பிரெஞ்சு வழியாகப் பதினான்காம் நூற்றாண்டில் ஆங்கிலத்தில் புகுந்த சொல். அதன் அடி இலத்தீனின் ‘பிளாங்கெரெ’ என்னும் வினை. ‘அடித்தல்’ என்பது அதன் முதற்பொருள். துயரத்தில் மார்பில் அடித்துக்கொள்ளுதல், அதனின்று புலம்புதல் என அப்பொருள் விரிந்தது. தமிழில் ‘மாரடித்தல்’ என்பதும் ‘வாயிலும் வயிற்றிலும் அடித்துக்கொள்ளுதல்’ என்பதும் உடற்செயலைக் கூறித் துயரத்தை உணர்த்துவது இதனோடு ஒப்பிடத்தக்கது.

அதே அடியிலிருந்து ஆங்கிலத்தில் இருவேறு கிளைகள் தோன்றின. ‘பிளெயின்டிவ்’ என்பது சோகம் தோய்ந்த குரலைக் குறிக்கும். ‘பிளெயின்ட்’, ‘பிளெயின்டிஃப்’ என்பவை உரிமையியல் நீதிமன்றச் சொற்கள். முன்னது நம் நீதிமன்ற வழக்கில் பிராது, பின்னது வாதி. ஒரு கிளை புலம்பலில் நின்றது; மற்றொன்று வழக்காக வளர்ந்தது. ‘கம்ப்ளெயின்’ என்னும் வினையோ இரண்டையும் விடாமல் பற்றிக்கொண்டது.

இடைக்கால ஆங்கில இலக்கியத்தில் ‘கம்ப்ளெயின்ட்’ என்பது ஒரு கவிதை வகையின் பெயர். காதலியின் புறக்கணிப்பையோ ஊழின் கொடுமையையோ எண்ணிப் புலம்பும் பாடல் அது. சாசர் தம் பணப்பையை விளித்து இவ்வகைப் பாடல் ஒன்றை இயற்றினார். காதலியிடம் புலம்புவதுபோல் வெறும் பையிடம் புலம்பும் அப்பாடல், 1399இல் அரியணை ஏறிய நான்காம் ஹென்றி மன்னனை நோக்கிய விண்ணப்பத்தோடு முடிகிறது. புலம்பல் முறையீடாக மாறும் இடத்தை அந்த ஒரே பாடலில் காணலாம்.

இம்மாற்றம் ஆங்கிலத்துக்கு மட்டும் உரியதன்று. தமிழ் கடன்கொண்ட ‘புகார்’, இந்துஸ்தானியில் கூப்பாடு, உரத்த அழைப்பு என்னும் பொருளுடையது. ‘பிராது’ என்பதன் மூலமாகிய பாரசீகச் சொல்லும் உதவி கோரி எழுப்பும் கூக்குரலையே குறிக்கும். ஆற்று முகத்தையும் காவிரிப்பூம்பட்டினத்தையும் குறிக்கும் பழந்தமிழ்ப் ‘புகார்’ இதனின் வேறு. இரண்டும் ஒலியால் மட்டும் ஒன்றுபட்டவை. கடன்சொல்லாகிய புகார் தமிழில் தன் கூப்பாட்டுப் பொருளை முற்றும் இழந்து, குற்றம்சாட்டும் செய்தி என்னும் பொருளில் நிலைத்துவிட்டது. ஆங்கிலச் சொல் தக்கவைத்துக்கொண்ட புலம்பற்பொருள் தமிழ்ப் புகாரில் இல்லை. நிகரன் தேடுவதில் எழும் இடர்ப்பாட்டின் வேர் இதுவே.

2. ஆங்கில வினையின் பொருட்கூறுகள்

பேச்சுச்செயல்களை வகைப்படுத்திய ஜான் சேர்ல், 1975இல் வெளிவந்த தம் கட்டுரையில், பெருமை பேசுதலையும் குறைப்படுதலையும் ஒரே வகையில் அடக்கினார். இரண்டும் ஒன்றை உண்மையெனக் கூறும் செயல்கள். இரண்டிலும் கூறப்படுவது பேசுவோரின் நலனோடு தொடர்புடையது என்பதே அவற்றின் சிறப்புக் கூறு. இதன்படி ‘கம்ப்ளெயின்’ என்பதில் இன்றியமையாதவை இரண்டு: எனக்கு ஒவ்வாதது ஒன்று நிகழ்கிறது என்று கூறுதல்; அதனால் எனக்கு வருத்தம் என்று உணர்த்துதல். குற்றவாளி ஒருவர் இருக்கவேண்டும் என்பதோ, கேட்பவர் பரிகாரம் செய்யவேண்டும் என்பதோ கட்டாயமில்லை. அவை சூழலாலும் முன்னிடைச்சொற்களாலும் பெறப்படுவன.

‘டு’ என்பது கேட்போரையும், ‘அபௌட்’ என்பது பொருளையும், ‘அகெயின்ஸ்ட்’ என்பது எதிராளியையும் கொணரும். ‘ஆஃப்’ என்பது இவற்றினும் நுட்பமானது. நோய், வலி, களைப்பு முதலியவற்றோடு அதுவே பெரிதும் வரும். ஆங்கிலத்தில் முன்னிடைச்சொல் செய்யும் இப்பாகுபாட்டைத் தமிழில் வினைச்சொல்லே செய்யவேண்டியுள்ளது.

பேச்சுச்செயல் ஆய்வாளர் இதனை நேர்முகம், மறைமுகம் என இரண்டாகப் பகுப்பர். பேருந்தைத் தாமதமாக ஓட்டிவந்தவரிடமே அதனைச் சொன்னால் நேர்முகம். உடன் நிற்கும் பயணியிடம் சொன்னால் மறைமுகம். டயானா பாக்சர் 1993இல் வெளியிட்ட நூலில், அமெரிக்க ஆங்கில உரையாடலில் மறைமுக வகை பேசுவோரிடையே நெருக்கத்தை வளர்க்கப் பெரிதும் பயன்படுவதை எடுத்துக்காட்டினார். உடன் நிற்பவர் பேருந்தை விரைவுபடுத்த இயலாது. ஆனால் ‘ஆமாம், தினமும் இதே கதைதான்’ என்று சொல்ல இயலும். அச்சொல்லே அங்கு வேண்டப்படுவது. இத்தகைய இடத்தில் ‘பயணி புகார் செய்தார்’ என்று மொழிபெயர்த்தால், உறவு தொடங்கும் ஓர் உரையாடல் அலுவலக நிகழ்ச்சியாகிவிடுகிறது.

3. ஆங்கிலத்தின் அயற்சொற்கள்

ஆங்கிலத்திலும் தீர்ப்புக் கூறும் சொற்கள் உண்டு. அவை ‘கம்ப்ளெயின்’ என்பதைச் சூழ்ந்து நிற்கும் அயற்சொற்கள். ‘கிரம்பிள்’ என்பது தெளிவில்லாத குரலில் முணுமுணுத்தல்; இடிமுழக்கத்துக்கும் அச்சொல் வழங்கும். ‘வைன்’ என்பது பழைய ஆங்கிலத்தில் அம்பு காற்றில் பாயும் ஒலியைக் குறித்தது. இன்று இழுத்த குரலில் சிணுங்குதலைக் குறிக்கும். அதன் உறவுச்சொல்லாகிய ‘விஞ்ச்’ பிரித்தானியரும் ஆஸ்திரேலியரும் மிகுதியாக வழங்குவது. ‘கிரௌஸ்’ பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பிரித்தானியப் படைவீரரின் கொச்சை வழக்காகப் பதிவானது. அதே வடிவிலுள்ள பறவைப் பெயரோடு அதனைத் தொடர்புபடுத்தவேண்டியதில்லை. ‘கார்ப்’ என்பது சிறு குற்றங்களைத் தேடிப் பிடித்துச் சொல்லுதல். ‘குவெச்’ என்பது இத்திஷ் மொழி தந்தது. பிழிதல், நெருக்குதல் என்பது அதன் அடிப்பொருள்.

‘கிரைப்’ என்பதன் வரலாறு தமிழ் வாசகருக்குச் சுவையானது. பற்றிப் பிடித்தல் என்பது அதன் முதற்பொருள்; வயிற்றைப் பிடித்து முறுக்கும் வலி என்பது அடுத்தது. குழந்தைகளுக்குப் புகட்டும் ‘கிரைப் வாட்டர்’ இப்பொருளால் பெயர் பெற்றது. ஓயாமல் குறை சொல்லுதல் என்னும் பொருள் இருபதாம் நூற்றாண்டு அமெரிக்கப் பேச்சுவழக்கில் பரவியது. வயிற்றுவலி வாய்ச்சொல்லான கதை இது.

இவ்வயற்சொற்களுள் பெரும்பாலானவை பேசுவோரைச் சற்றே தாழ்த்துவன. ஒருவரது பேச்சை ‘வைன்’ என்று குறிப்பவர், அவருடைய வருத்தத்துக்குத் தக்க காரணமில்லை என்றும் உடன் கூறிவிடுகிறார். ‘கம்ப்ளெயின்’ அவ்வாறு கூறுவதில்லை. ‘எப்போதும்’ என்னும் அடையோடு தொடர்வினையாக வரும்போதே அதிலும் அலுப்புக் குறிப்பு ஏறுகிறது.

4. தமிழ்ச் சொற்புலம்

தமிழில் இப்பொருட்புலத்தில் அமையும் சொற்களை நான்கு தொகுதிகளாகக் காணலாம்.

முதலாவது, பரிகாரம் வேண்டும் சொற்கள்: முறையிடு, மனுக்கொடு, விண்ணப்பி. ‘முறை’ என்பது நீதி. முறையிடுபவர் தம் பக்கம் நீதி உண்டென்றும் கேட்பவர் அதனை வழங்கும் நிலையில் உள்ளாரென்றும் கொண்டே பேசுகிறார். ஆராய்ச்சி மணியை அசைத்த பசுவும், சிலப்பதிகாரத்து வழக்குரை காதையில் பாண்டியன் அவையில் நிற்கும் கண்ணகியும் முறையிடுவோரே. மாவட்ட ஆட்சியர் அலுவலகங்களில் நடைபெறும் ‘மக்கள் குறைதீர்க்கும் நாள்’ என்னும் பெயரும் இத்தொகுதியைச் சார்ந்தது. குறை என்பது ஆங்குத் தீர்க்கப்படவேண்டிய ஒன்றாகவே வைக்கப்படுகிறது.

இரண்டாவது, பிறர்மேல் பழி நிறுத்தும் சொற்கள்: புகார் செய், குற்றம்சாட்டு, குறைகூறு, நொட்டை சொல். இவற்றுள் எதிராளி ஒருவர் இருக்கிறார். ‘மீது’ என்னும் உருபு இவற்றோடு இயல்பாக வருவது இதற்குச் சான்று. தென்மாவட்டப் பேச்சிலும் மலையாளத்திலும் வழங்கும் ‘ஆவலாதி’ முதல் இரண்டு தொகுதிகளுக்கும் இடைப்பட்டது. இலங்கைத் தமிழில் காவல் நிலையத்தில் பதிவாவது ‘முறைப்பாடு’. தமிழகத்தில் அதுவே ‘புகார்’. ஒரே செயலை ஒரு வழக்கு நீதியின் பக்கமிருந்தும், மற்றொரு வழக்கு பழியின் பக்கமிருந்தும் பெயரிட்டிருப்பது நோக்கத்தக்கது.

மூன்றாவது, தன்னோடு நிற்கும் வருத்தத்தைக் கூறும் சொற்கள்: குறைப்பட்டுக்கொள், நொந்துகொள், சலித்துக்கொள், அலுத்துக்கொள், அங்கலாய்த்துக்கொள். இவை ‘கொள்’ என்னும் துணைவினை ஏற்று வருவது தற்செயலன்று. செயலின் பயனோ பாதிப்போ செய்பவரையே சாரும் என்பதை அத்துணைவினை உணர்த்துகிறது. கேட்பவர் இருக்கலாம், ஆனால் அவர் செய்யவேண்டியது ஏதுமில்லை. ‘யாரை நொந்துகொள்வது?’ என்னும் வழக்கில் வருத்தம் உண்டு, எதிராளி இல்லை. மறைமுக வகைக்குத் தமிழில் பொருத்தமானவை இவையே.

நான்காவது, பேசுவோரைத் தாழ்த்தும் சொற்கள்: முணுமுணு, சிணுங்கு, மூக்கால் அழு, பிலாக்கணம் வை, தொணதொண. ஆங்கில அயற்சொற்களுக்கு இங்கு வளமான நிகரன்கள் உள்ளன. ‘வைன்’, ‘விஞ்ச்’ ஆகியவற்றை ‘மூக்கால் அழு’ என்பது போல வேறெதுவும் பிடித்துக்காட்டாது. ‘சிணுங்கு’ என்பதில் மட்டும் எச்சரிக்கை தேவை. குழந்தைக்கும் காதலிக்கும் அச்சொல் செல்லத்தைக் குறிக்கும். வளர்ந்த ஆடவருக்கு இகழ்ச்சியைக் குறிக்கும்.

நான்கு தொகுதிகளையும் ஒருங்கே நோக்கின், நடுநிலையான பொதுவினை எதுவும் இல்லாமை புலனாகும். முதல் தொகுதி நியாயம் உண்டென்கிறது. இரண்டாவது எதிராளி உண்டென்கிறது. மூன்றாவது பரிகாரம் வேண்டப்படவில்லை என்கிறது. நான்காவது காரணமே இல்லை என்கிறது. இந்த இடைவெளியாலேயே பேச்சுத்தமிழ் ‘கம்ப்ளெயின்ட்’ என்னும் சொல்லைக் கடனாகப் பெற்றது போலும். ‘கம்ப்ளெயின்ட் கொடுத்தேன்’ என்பதோடு, ‘ஹார்ட் கம்ப்ளெயின்ட்’, ‘வண்டியில் ஏதோ கம்ப்ளெயின்ட்’ என்றும் பேசுகிறோம். கடைசியில் உள்ளது ஆங்கிலப் பொருளையும் கடந்து, பழுது என்னும் பொருளில் நிற்கிறது.

5. மருத்துவ வழக்கு

நோயாளி ஒருவர் நெஞ்சுவலி என்று சொன்னதை ஆங்கில மருத்துவக் குறிப்பு ‘கம்ப்ளெயின்ஸ் ஆஃப் செஸ்ட் பெயின்’ என்று எழுதும். இதனை ‘நோயாளி நெஞ்சுவலி குறித்துப் புகார் செய்கிறார்’ என்று பெயர்ப்பதில் இரு பிழைகள் உள்ளன. நெஞ்சுவலிக்கு எதிராளி இல்லை. ‘நெஞ்சுவலி மீது புகார்’ என்று சொல்லிப் பார்த்தால் முரண் வெளிப்படும். மேலும், புகார் என்பது விசாரித்து மெய்ப்பிக்கவேண்டிய ஒன்று. வலி என்று சொன்னவர் அந்தத் தொடரில் ஐயத்துக்குரியவராகிவிடுகிறார்.

தமிழ்நாட்டு மருத்துவமனை உரையாடலில் இப்பொருளைச் சொல்லும் இயல்பான வழிகள் உள்ளன. மருத்துவர் ‘என்ன செய்கிறது?’, ‘உடம்புக்கு என்ன?’, ‘என்ன தொந்தரவு?’ என்றே கேட்கிறார். இவ்வினாக்களுள் எதிலும் குற்றச்சாட்டின் சாயல் இல்லை. ஆகவே, ‘நெஞ்சு வலிப்பதாகக் கூறுகிறார்’ என்பது வினைக்கும், ‘முதன்மைத் தொந்தரவு’ என்பது குறிப்பின் தலைப்பாகிய ‘சீஃப் கம்ப்ளெயின்ட்’ என்பதற்கும் பொருந்தும். ‘உபாதை’ என்பதும் ஏற்கத்தக்கதே. எனினும் எழுத்தறிவு குறைந்தோரிடம் படித்துக்காட்டும் படிவங்களில் தொந்தரவு என்பதே விளங்கும்.

ஆங்கிலம் பேசும் மருத்துவ உலகமே இச்சொல்லை இன்று ஐயுறத் தொடங்கியுள்ளது. காக்ஸ், ஃப்ரிட்ஸ் ஆகிய இருவரும் 2022இல் பிரித்தானிய மருத்துவ இதழில் எழுதிய கட்டுரை, ‘கம்ப்ளெயின்ட்’ போன்ற சொற்கள் நோயாளியைச் சிறுமைப்படுத்துவதையும், அவர் சொல்லில் ஐயத்தை ஏற்றுவதையும் எடுத்துரைத்தது. வலி இல்லை என்று நோயாளி சொன்னதை ‘டினைஸ்’ என்று எழுதும் வழக்கும் இத்தகையதே; அதனை ‘மறுக்கிறார்’ என்று பெயர்ப்பதினும் ‘இல்லை என்கிறார்’ என்று பெயர்ப்பது நேரிது. மூலத்தில் ஓரளவு தேய்ந்து மழுங்கிவிட்ட இக்கூர்மையைத் தமிழில் புதிதாகத் தீட்டித் தரவேண்டிய தேவை மொழிபெயர்ப்பாளருக்கு இல்லை.

6. சட்ட வழக்கு

மருத்துவத்தில் ‘புகார்’ மிகையாகிறது எனில், சட்டத்தில் அது போதிய வரையறையின்றி நிற்கிறது. 1973ஆம் ஆண்டுக் குற்றவியல் நடைமுறைச் சட்டம் தன் 2ஆம் பிரிவில் ‘கம்ப்ளெயின்ட்’ என்பதற்கு வரையறை தந்தது. குற்றம் நிகழ்ந்தது என்று, நடவடிக்கை எடுக்கும் நோக்குடன், வாய்மொழியாகவோ எழுத்திலோ குற்றவியல் நடுவரிடம் கூறப்படும் சாட்டுரையே அது. காவல்துறை அறிக்கை அதில் அடங்காது. 2024 ஜூலை 1 முதல் அச்சட்டத்தின் இடத்தில் நடைமுறைக்கு வந்துள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவும் இவ்வரையறையைத் தொடர்கிறது.

காவல் நிலையத்தில் தரப்படுவதோ சட்டத்தின் கண்ணில் ‘இன்ஃபர்மேஷன்’, அதாவது தகவல். முதல் தகவல் அறிக்கை என்னும் பெயரே அதனைக் காட்டும். முந்தைய சட்டத்தின் 154ஆம் பிரிவிலும் புதிய சட்டத்தின் 173ஆம் பிரிவிலும் பேசப்படுவது இத்தகவல். நடுவரிடம் தரப்படும் ‘கம்ப்ளெயின்ட்’ பற்றிய நடைமுறை 200ஆம் பிரிவிலும் புதிய சட்டத்தின் 223ஆம் பிரிவிலும் உள்ளது. செய்தித்தாளுக்கு இரண்டும் புகாராகலாம். தீர்ப்புரையையோ சாட்சியத்தையோ பெயர்ப்பவர் ‘தகவல் தந்தவர்’, ‘முறையீட்டாளர்’ என இருவரையும் பிரித்துக் காட்டவேண்டும். அன்றேல் வழக்கு எங்கே தொடங்கியது என்பதே மயங்கிவிடும்.

இதனினும் கடுமையான மயக்கம் ஒன்றுண்டு. பணியிடத்தில் பெண்களுக்கு எதிரான பாலியல் துன்புறுத்தல் பற்றிய 2013ஆம் ஆண்டுச் சட்டம், முறையீடு எழுத்து வடிவில் நிகழ்ச்சி நடந்த மூன்று மாதங்களுக்குள் தரப்படவேண்டும் என்கிறது. காரணம் காட்டினால் குழு மேலும் மூன்று மாதங்கள் வரை நீட்டிக்கலாம். எழுத இயலாதவருக்கு எழுதித்தர உதவவேண்டும் என்றும் கூறுகிறது. ஒரு சாட்சியத்தில், அப்பெண் அன்றே தன் தோழியிடம் ‘கம்ப்ளெயின்’ செய்தாள் என்று ஆங்கிலத்தில் பதிவாகியிருப்பதாகக் கொள்வோம். ‘தோழியிடம் புகார் செய்தாள்’ என்பது அவ்வுரையாடலுக்கு இல்லாத அலுவல் தன்மையை ஏற்றிவிடும். அன்றே புகார் செய்தவள் குழுவிடம் ஏன் செல்லவில்லை என்னும் வினாவுக்கும் அது இடம் தரும். ‘தோழியிடம் குறைப்பட்டுக்கொண்டாள்’ என்பதோ நடந்ததைச் சிறு மனத்தாங்கலாகக் குறைத்துவிடும். ‘நடந்ததைத் தோழியிடம் சொல்லி வருந்தினாள்’ என்பதே மூலத்துக்கு மிக அருகில் நிற்பது. அதில் கூற்று உண்டு, வருத்தம் உண்டு. மூலத்தில் இல்லாத தீர்ப்பு இல்லை.

7. முடிவுரை

மேற்கண்டவற்றால், ‘கம்ப்ளெயின்’ என்பதற்கு ஒற்றை நிகரன் தேடுவது பயனற்றது என்பது தெளிவு. அச்சொல்லை எதிர்கொள்ளும் மொழிபெயர்ப்பாளர் மூன்று வினாக்களை எழுப்பிக்கொள்ளலாம். எதிராளி ஒருவர் உண்டா? கேட்பவர் ஏதேனும் செய்யவேண்டும் என்று எதிர்பார்க்கப்படுகிறதா? வருத்தத்துக்குக் காரணம் உண்டா இல்லையா என்பதை மூலம் கூறுகிறதா?

எதிராளி இருந்து நடவடிக்கையும் வேண்டப்படுமாயின் புகார், முறையீடு என்பவை பொருந்தும். எதிராளி இன்றிப் பரிகாரம் மட்டும் வேண்டப்படுமாயின் ‘குறையைத் தெரிவித்தல்’ போதும். இரண்டும் இல்லையெனில் ‘கொள்’ துணைவினை ஏற்ற சொற்களை நாடலாம். காரணம் இல்லை என்று மூலமே கூறினாலன்றி நான்காம் தொகுதியைத் தொடலாகாது. மூலம் எதனையும் கூறாது விட்டவிடத்து, வினையைப் பிரித்து ‘சொல்’, ‘கூறு’ என்னும் எளிய வினையோடு வருத்தத்தைக் குறிக்கும் ஒரு சொல்லைச் சேர்த்தல் நன்று. இரு சொற்கள் ஆவதால் இழப்பு ஒன்றுமில்லை.

நலம் கேட்கும்போது ஆங்கிலேயர் ‘ஐ கான்ட் கம்ப்ளெயின்’ என்று விடை கூறுவதுண்டு. அதனை ‘என்னால் புகார் செய்ய முடியாது’ என்று பெயர்த்தால் வாய் கட்டப்பட்டவரின் கூற்றாகிவிடும். ‘ஒரு குறையும் இல்லை’ என்று நாம் நாள்தோறும் சொல்வதே அதன் தமிழ். நலமாக இருப்பவரின் சொல்லைத் தவறாகப் பெயர்த்தால் நகைப்போடு போகும். துன்புறுபவரின் சொல்லைத் தவறாகப் பெயர்த்தாலோ, அவர் நம்பப்படாமலே போகக்கூடும். இவ்வினையை மொழிபெயர்ப்போர் நினைவிற்கொள்ள வேண்டிய வேறுபாடு இது.